படத்தில் இல்லாத கல்லறைகள்

வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி துவைத்துப் பிழைக்கும் கறுப்பினப் பெண் லுவெனியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சபை விருந்தில் வறுத்த கோழியின் முதல் தொடை யாருக்கு என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்வாள். அப்படிப்பட்டவள் அன்று காலை கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

சர்வேயர் ஹாலிஸ் கையில் ஒரு பழைய தபால் அட்டை. 1911-இல் எடுத்த அவர்களுடைய நெபோ மலை தேவாலயத்தின் படம். வெள்ளைச் சுவர், கோபுரம், கிழக்கே பளிச்சென்று கூட்டிய வெறும் மண்.

"கல்லறை கல்லறைங்கறீங்க. இதுல ஒண்ணாவது இருக்கா? ரோடு போட மத்தியானம் புல்டோசர் இறங்கும்."

அந்த மண்ணுக்கடியில்தான் லுவெனியாவின் அம்மா கிடக்கிறாள். கல் நட வக்கில்லாத சனம். செத்தவர் கடைசியாகப் புழங்கிய சாமானை உடைத்து மேலே வைப்பதுதான் அடையாளம். அதில் கை வைத்தால் ஊரில் சாவு விழும் என்பார்கள்.

"அந்த வருசம் அடிச்ச புயல் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போச்சு சார்" என்றார் டீக்கன் ஈசா. "எங்கம்மா விளக்கும் போச்சு. புயல்தான்னு சொல்லியும் கேக்காம, யாரோ கை வெச்சிட்டாங்கன்னு பயந்தே எங்கப்பா அந்தக் குளிர்லயே செத்தாரு."

"புயல் கதையெல்லாம் எடுபடாது, ஈசா."

லுவெனியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நுணலும் தன் வாயால் கெடும். கெட்டால் கெடட்டும், அம்மாமேல் லாரி ஓடக் கூடாது.

"புயல் இல்ல சார். நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கு ஒன்பது வயசு. படம் புடிக்கிறவரு உடைஞ்ச சட்டியப் பாத்தா சிரிப்பாருன்னு போதகரம்மா கல்லறைச் சாமானையெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. எல்லாரும் பருத்தி எடுக்கப் போயிருந்தாங்க. வீட்டுக்குக் கொண்டுபோகப் பயமா இருந்துச்சு, அந்த ஓக் மரத்தடியில புதைச்சேன். படம் எடுத்த மறுநாளே புயல் வந்துச்சு. போதகரம்மாவும் பழிய அதுமேல போட்டாங்க, நானும் வாயத் திறக்கல."

தோண்டினார்கள். சிப்பிகள், மருந்துப் புட்டிகள், ஒரு விளக்கு, மூக்குடைந்த நீலச் சாடி ஒன்று.

"குப்பைமேடு" என்றார் ஹாலிஸ்.

லுவெனியா சாடியை எடுத்துக்கொண்டு வாசற்படியிலிருந்து பதினோரு எட்டு எண்ணி நடந்தாள். "இது எங்கம்மாவோடது. மண்ணு பாக்கற உங்க கம்பிய இங்க குத்துங்க. ஒரு தடவ வெட்டி மூடின மண்ணு உள்ள விடும்."

கம்பி இடுப்பளவு ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஓரடி தள்ளிக் குத்தினால் ஒரு சாண்கூட இறங்கவில்லை. அவள் புட்டியை வைத்த இடம், விளக்கை வைத்த இடம், எங்கு குத்தினாலும் அதே கதைதான். ஏழாவது முறை ஹாலிஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ரோட்ட தெற்கால திருப்பணும்" என்று முனகியபடி அடித்த முளைகளைத் தானே பிடுங்கினார்.

சனம் கட்டிப்பிடித்து அழுதது. ஈசா மட்டும் தன் அம்மாவின் விளக்கை நேராக நிறுத்திவிட்டு லுவெனியாவிடம் வந்தார். முப்பது வருடமாகப் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நின்று பாடுகிறவர்.

"எங்கம்மாவக் காப்பாத்திக் குடுத்துட்ட, லுவெனியா. அதுக்கு நன்றி. ஆனா எங்கப்பா செத்தப்போ எங்க வீட்டுக்குச் சோறு கொண்டாந்தியே, அன்னிக்குச் சொல்லியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை வேற வரிசையில நின்னுக்கோ."

"சரிண்ணே" என்றாள் அவள்.