கர்சரு தானா நடுங்குன அன்னைக்கு

ஜெராக்ஸ் மெசின் சூடேறும்போது ஒரு வாசம் வரும் பாருங்க... பேப்பரும் இங்க்கும் சேந்து வெந்த மாதிரி. இன்னைக்கு ஆபீஸ்ல அந்த வாசம் வந்துச்சு. உடனே நான் எந்திரிச்சு வெளிய ஓடிட்டேன்.

சிரிக்காதீக, காரணம் இருக்கு.

டிகிரி முடிச்ச கையோட அருப்புக்கோட்டைல ஒரு நெட் சென்டர்ல வேலைக்குச் சேந்தேன். ஒரு சின்ன சந்து... ரெண்டு பக்கமும் விசைத்தறிக் கூடம், நடுவுல எங்க கடை. மொத்தம் ரெண்டு சிஸ்டம், அதுல ஒண்ணு எப்பவும் ரிப்பேரு. ஓனர் அண்ணாச்சி நல்லவுகதான். ஆனா தெனமும் ஒரு வார்த்தை சொல்லாமப் போக மாட்டாக. "ஏத்தா, நீ தப்பா அமுக்குனா அடுத்தவுக பொழப்பு போயிரும், பாத்து!"

நானோ பொறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்துனாலே சாமி கும்புடுற ஆளு. கேக்கணுமா?

அன்னைக்குக் காலைல புது ஜெராக்ஸ் மெசின் வந்து எறங்குச்சு. இடம் பத்தல. அண்ணாச்சி என் டேபிளப் பின்னால தள்ளி, சுவத்தோட ஒட்டிப் போட்டுட்டு மதுரைக்கு பஸ் ஏறிட்டாக. கடைல நான் மட்டும். சாயங்காலம் வரைக்கும் அந்தச் சூட்டு வாசத்துலயே ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருந்தேன், மவுசத் தொடவே இல்ல.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காலேஜ் தேர்ந்தெடுக்க அன்னைக்குத்தான் கடைசி நாளு. அஞ்சு மணியோட மூடிருவாக. நாலு மணிக்கு மேல பந்தல்குடிலருந்து ஒரு அம்மாவும் மகளும் வேர்க்க விறுவிறுக்க வந்தாக. "டவுன்ல எல்லா எடத்துலயும் கூட்டம்த்தா, நீதான் போட்டுக் குடுக்கணும்"னு அந்தம்மா கெஞ்சுனாக.

மக பேரு செல்வி. எங்கிட்டக்க குனிஞ்சு மெதுவாச் சொன்னா...

"அக்கா, மதுரைக் காலேஜ் மட்டும் போடுங்க. என் மார்க்குக்கு கெடச்சுரும். தெனம் பஸ்ஸுல போய்ட்டு வந்துருவேன். வேற ஊரு விழுந்துச்சுன்னா எங்கப்பா அனுப்ப மாட்டாக. மாப்பிள்ள பாத்து வச்சிருக்காக."

மாப்பிள்ளயாம்! மூஞ்சில பரு கூட இன்னும் ஆறல அந்தப் புள்ளைக்கு.

சரின்னு மவுசப் புடிச்சேன். ஸ்க்ரீன்ல அந்த அம்பு இருக்குல்ல, கர்சரு... அது நடுங்குது.

எங் கைதான் நடுங்குதாக்கும்னு கைய எடுத்துட்டேன். அப்பவும் அது தானா வெடவெடன்னு ஆடுது! மதுரைய அமுக்குனா, பக்கத்து வரில இருந்த கோயம்புத்தூர் போய் செல்வி லிஸ்ட்டுல ஏறிக்கிருச்சு. அத எடுக்கப் போனா நாமக்கல்லு ஏறுது.

மவுசத் திருப்பி அடியில ஊதுனேன். துப்பட்டாவால தொடச்சேன். வயரப் புடுங்கி வேற ஓட்டைல சொருகுனேன். ரீஸ்டார்ட் பண்ணேன். ம்ஹூம். ரிப்பேரு சிஸ்டத்து மவுசக் கழட்டி மாட்டுனேன், அதுவும் அதே ஆட்டம். ரெண்டு மவுசுக்கும் ஒரே நேரத்துல சீக்கு வருமா?

எவனோ நெட்டு வழியா சிஸ்டத்துக்குள்ள பூந்துட்டான், எங்கயோ உக்காந்துக்கிட்டு இந்தப் புள்ள வாழ்க்கையக் கலைக்கிறான்னே முடிவு பண்ணிட்டேன். அண்ணாச்சிக்குப் போன் அடிச்சா நாட் ரீச்சபிள்.

"என்னத்தா முழிக்கிற?"ன்னாக அந்தம்மா.

"ஒண்ணுமில்லக்கா, நெட்டு ஸ்லோ"ன்னு வாய் சொல்லுது. செல்வி கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அழுகக்கூட இல்ல. அதப் பாத்துத்தான் எனக்கு இன்னும் பயம்.

அந்நேரம் பாத்து கரண்டு போச்சு.

யூ.பி.எஸ்ஸு 'கீங்... கீங்'னு கத்த ஆரம்பிச்சிருச்சு. சிஸ்டமும் நெட்டும் அதுல ஓடும், ஆனா கெழட்டு யூ.பி.எஸ்ஸு, ரெண்டு நிமிசம் தாங்குனாலே பெருசு. போச்சு, எல்லாம் போச்சுன்னு ஸ்க்ரீனப் பாக்குறேன்...

கர்சரு அசையாம நிக்குது!

அப்பத்தான் உறைச்சுச்சு. தெருவே கம்முனு இருக்கு. தறி நின்னுருச்சு!

சுவத்துக்கு அந்தப் பக்கம் தறி ஓடியிருக்கு, இந்தப் பக்கம் என் டேபிளு ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு. அந்த அதிர்வுலதான் இம்புட்டு ஆட்டமும். வெளியூர்க்காரரா இருந்தா வாசல்லயே காதப் பொத்திருப்பாரு. பொறந்ததுலருந்து அதுலயே தூங்கி எந்திரிச்ச எனக்கு அது ஒரு சத்தமாவே தெரியல.

யோசிக்க ஏது நேரம்? வேண்டாத ஊரையெல்லாம் எடுத்தேன். மதுரைய அமுக்குனேன், ஏறுச்சு. இனி மாத்த முடியாதபடி பூட்டுற லாக் பட்டன அமுக்குனேன்...

பொசுக்குனு ஸ்க்ரீன் அணஞ்சிருச்சு.

லாக் ஆச்சா, ஆகலயா? மதுரைதான் இருந்துச்சா, நடுவுல வேற எதுவும் ஒட்டிக்கிருச்சா? யாருக்குத் தெரியும்! மூணு பேரும் அந்தப் புழுக்கத்துல கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அந்தம்மா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டாக. எங்க கண்ணு முன்னாடியே மணி அஞ்சு தாண்டிருச்சு. பின்னாடி என் பிரசவத்துக்குக் கூட நான் அப்படிப் பயந்ததில்ல, சத்தியமா.

எம்புட்டு நேரமோ... பக்கத்துல 'டடக்'குன்னு ஒரு தறி எந்திரிச்சு ஓடுச்சு. தறிச்சத்தத்த நான் மொதமொதலாக் காது குடுத்துக் கேட்டது அன்னைக்குத்தான். டேபிளச் சுவத்த விட்டு இழுத்துப் போட்டுட்டு சிஸ்டத்த ஆன் பண்ணேன்.

லாக் ஆயிருந்துச்சு. மதுரை மட்டும்.

அப்பத்தான் செல்வி அழுதா. கூடச் சேந்து நானும் ஓன்னு அழுதேன், வெக்கமே இல்லாம. அவளுக்கு அந்தக் காலேஜே கெடச்சு, படிச்சும் முடிச்சுட்டா.

இப்ப நான் சென்னைல. மவுசுக்கு வயரே கெடையாது. மக்கர் பண்ணா கம்ப்யூட்டர்லயே புகார்னு ஒரு டிக்கெட்டு போட்டாப் போதும், ஐ.டி.ல இருந்து வேற கொண்டாந்து குடுத்துருவாக. மவுசே இல்லாம கீபோர்டுலயே எல்லாம் பண்ணலாம்னும் இப்பத்தான் தெரியும். அன்னைக்கு அது தெரிஞ்சிருந்தா...

லீவுக்கு ஊருக்குப் போறப்ப கரண்டு போயி தறி நின்னா, எங்க வீட்டுக்காரரு "அப்பாடா, என்னா அமைதி!"ம்பாரு. எனக்கு மட்டும் வலது கை தானா நீண்டு மவுசத் தேடும்.