பந்தி மேசையில் புத்தகம்

எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழா ஆடி மாதத்தில் நடக்கிறது. ஏன் ஆடி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

பிரான்சில் ஓட்டல் வேலை பார்க்கும் என் தம்பி அனுப்பிய ஒரு வீடியோவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவன் இருக்கும் சின்ன ஊரில் வருடத்துக்கு ஒரு முறை பொதுக்கூடத்தில் புத்தகங்களைப் பரப்பி வைக்கிறார்கள். எழுதினவர்களே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். டிக்கெட் கிடையாது, யாரும் போகலாம். "நம்மூரு சைசுதான்க்கா இருக்கும்" என்று கடைசியில் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தை என்னை உசுப்பிவிட்டது. நம்மூர் சைசில் இருக்கிற ஊர் செய்கிறது என்றால் நம்மூருக்கு மட்டும் என்ன குறைச்சல்?

கட்டுமாவடியிலிருந்து கோட்டைப்பட்டினம் போகிற சாலையில் பஸ் நின்று போகிற ஊர் எங்களுடையது. பஸ் ஸ்டாண்டு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நூலகத்து வாசகர் வட்டத்தில் என்னைப் போல வாயும் வேகமும் உள்ள சில பெண்கள் உண்டு. மண்டபத்துக்காரரிடம் போய் நின்றோம். ஆடியில் பூட்டிக் கிடப்பதற்குப் பதில் நாலு பேர் வந்து போகட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் வருடம் மானம் போனது. புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புத்தகக் கடைக்காரர்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் ஆளுயர பிளெக்ஸ். 'அனுமதி இலவசம், அனைவரும் வருக.' ஊர் சனம் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது, போய்விட்டது. உள்ளே கடைக்காரர்களும் நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம் தாங்கவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டில் நின்ற ஓர் அம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"ஏங்க, இங்கிட்டு வந்து பாக்க வேண்டியதுதானே? எல்லாம் இலவசம்னு எழுதித்தானே போட்டிருக்கோம்?"

"அது போர்டுல போடுறது. வந்து வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடாம மண்டபத்துக்குள்ள எப்படிங்க நுழையிறது? சோத்துக்கு அலையிறோம்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அது கல்யாண மண்டபம். அழைக்காமல் அதற்குள் போகிறவரை எங்கள் ஊர் மனுசராகவே மதிக்காது.

அடுத்த ஆடிக்குச் சாவி கேட்கப் போனபோது மண்டபத்துக்காரர் முகம் கொடுக்கவில்லை. "கட்டில் மெத்தை தள்ளுபடி வியாபாரி ஒருத்தரு ஆடி பூராவும் மண்டபத்தைக் கேக்குறாருமா. ஒங்களுக்காக இந்த ஒரு தடவை அவருக்குச் சாக்கு சொல்லியிருக்கேன். இப்பவும் காக்கா குருவி எட்டிப் பாக்கலைன்னா அடுத்த வருசத்துலேர்ந்து அவருக்குத்தான்" என்றார்.

எங்கள் ஊரில் வேறு இடம் கிடையாது. மண்டபம் போனால் திருவிழாவும் போச்சு.

ஆகவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினோம். தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, கல்கண்டு, மேலே நாங்கள் அச்சடித்த நோட்டீசு. ஒரு தெரு விடவில்லை. முஸ்லிம் தெருவுக்கு எங்கள் வட்டத்துத் தோழி ஒருத்தி, அந்தத் தெருப் பெண், கல்கண்டோடு முன்னால் போனாள். ஒவ்வொரு வாசலிலும் "குடும்பத்தோட வந்துடணும்" என்று கல்யாணத்துக்குச் சொல்கிற மாதிரியே சொன்னோம். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டவர்களிடம் "புத்தகத்துக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தோம். காலெல்லாம் வீங்கிப்போனது.

திருவிழா நடந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குமேல் வந்தார்கள் பாருங்கள், ஊரே வந்தது. மல்லிகைப்பூவும் சலவைச் சட்டையுமாகக் குடும்பம் குடும்பமாக. புத்தகங்களை நாங்கள் சாப்பாட்டுக் கூடத்தில்தான் பரப்பியிருந்தோம். நீளமான மேசைகள் அங்கேதான் உண்டு. வந்தவர்கள் வழக்கப்படி வரிசையாக உட்கார்ந்தார்கள். எலைக்குப் பதில் எதிரே புத்தகம் இருந்தது. அதை மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

"மொதப் பந்தி எப்பம்மா?"

எனக்குச் சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. வெற்றிலை வைத்து அழைத்தால் சோறு உண்டு. இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெருத் தெருவாகத் தாம்பாளம் தூக்கிய எங்களில் ஒருத்திக்கும் அது நினைப்பு வரவில்லை. காலையில் வீட்டில் சாப்பிடாமல்கூட வந்திருக்கிறார்கள். கூடத்தில் இருந்தது புத்தகமும் ஒரு தண்ணீர் கேனும்தான்.

விசயம் மண்டபத்துக்காரர் காதுக்குப் போனது. வேகமாக வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டவும் செய்தார். "அறிவு இருக்கா ஒங்களுக்கு? எம் மண்டபத்துக்கு வந்த சனம் கை நனைக்காமப் போச்சுன்னு நாளைக்கு ஊரு பேசுமே. நான் எங்கிட்டுப் போயி மூஞ்சிய வச்சுக்கிறது?"

அப்படிச் சொல்லிக்கொண்டே போனை எடுத்துச் சமையல் மாஸ்டரை வரச் சொன்னார். மண்டபத்துக்காரர் வீட்டிலிருந்தே அரிசி மூட்டை வந்தது. யாரோ தக்காளிக்கு ஓடினார்கள். நாங்கள் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வெங்காயம் உரித்தோம். கூடத்தில் போய்க் கைகூப்பிச் சொன்னேன்: "சோறு வெந்துக்கிட்டு இருக்குங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பந்திக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா எவ்வளவு நேரம் கையைப் பிசைந்துகொண்டு இருப்பது? எதிரே இருந்ததை எடுத்துப் புரட்டினார்கள். முதலில் அட்டை, பிறகு படம், பிறகு உள்ளே. பக்கத்து மேசையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். போன வருடம் என்னிடம் நியாயம் சொன்ன மீன் கூடை அம்மா, பேத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மேசை முழுதும் அதைக் கேட்டது.

தக்காளிச் சோறு தயாரானதும் மண்டபத்துக்காரர் எலைக்கட்டோடு கூடத்துக்குள் வந்தார். எங்கள் பக்கத்துப் பந்தி எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் நிற்பார், எலை எடுக்கும் முன்னே உட்கார்ந்துவிடுவார். அந்த ஊரில் அவர் "எலை போடணும், புத்தகத்தை எடுங்க" என்று சொன்னார், ஒருவரும் எடுக்கவில்லை.

"அந்தக் கடைசியிலேர்ந்து போட்டுக்கிட்டு வாங்க. இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார் மீன் கூடை அம்மா, தலையைத் திருப்பாமல்.

"சோறு ஆறுதும்மா."

"ஆறட்டுங்க."

அவர் எலைக்கட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில் மணமேடைக்கு முன்னால் தரையில் பாய் விரித்து, படித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சாப்பிட்டார்கள். நான் கூடத்தை வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "இங்க சோறெல்லாம் போட மாட்டாங்கக்கா" என்று பதில் வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு மண்டபத்து நிலைப்படி தலையில் இடித்திருக்கும்.

சாயங்காலம் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போனேன். மண்டபத்துக்காரர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். "அண்ணே, அடுத்த ஆடிக்கு..." என்று இழுத்தேன்.

"கட்டில்காரருக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார். முகம் மட்டும் தெளியவில்லை. என்ன என்று கேட்டேன்.

"ஊரு பூராவும் தாம்பாளம் தூக்கிக்கிட்டுப் போனீங்க. எங்க வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனீங்க. எனக்கு ஒரு வெத்தலை வைக்கத் தோணலையே. வந்ததுலேர்ந்து அந்த மேசைகளைச் சுத்திச் சுத்தி வாரேன். கூப்பிடாம நான் எப்படிம்மா ஒரு புத்தகத்தைத் தொடுறது?"

மண்டபமே அவருடையது, அவரை எதற்கு அழைப்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அடுத்த ஆடியில் முதல் தாம்பாளம் அவர் வீட்டுக்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் புது வேட்டி கட்டி, மனைவியோடு, தன் சொந்த மண்டபத்துக்கு விருந்தாளியாக நடந்து வந்தார். வாசலில் நான் சந்தனம் நீட்டினேன். தொட்டு வைத்துக்கொண்டு நேரே போய் முதல் மேசையில் உட்கார்ந்து, எதிரே இருந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.