மூன்று சர்வீஸ், ஒரே லாக் ஃபைல்

திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் துறைமுக ஊரான கிள்ளானிலிருந்து போன். கன்டெய்னர் டிப்போவில் கேட் பாஸ் பிரிண்ட் ஆகவில்லை, வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்தேன். விண்டோஸ் என்டி வந்த புதிது. எடைமேடை, கேட் பாஸ், ஃபேக்ஸ் என்று அங்கிருந்த மூன்று புரோகிராம்களையும் வெள்ளிக்கிழமைதான் சர்வீஸாக மாற்றியிருந்தேன். யாரும் லாகின் செய்யாமலே தானாக ஓடும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மேனேஜர் தேவா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சரோஜா லோரி நம்பரே அடிக்கல. கேட்டா அடிச்சேன்னு சாதிக்கிறா. நீயே பாரு லா!"

சரோஜா அக்கா கேட் கிளார்க். கேட் பாஸ் ஃபோல்டரில், புரோகிராம் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். அன்றைய வரி ஒன்றுகூட இல்லை.

"ஒண்ணும் பதிவாகல சார்."

"கேட்டுச்சா? நாளைலேருந்து நீ வர வேணாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, லோரிக்காரர்களைச் சமாளிக்கப் போனார்.

அக்கா அழவில்லை. "தம்பி, பதினோரு லோரி அடிச்சேன். உன் மெஷின் வேற எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கா, நல்லா தேடிப் பாரு."

மறுபடி பார்த்தேன். கடைசி வரி, நான் சர்வீஸாக மாற்றிய அந்த வெள்ளிக்கிழமையோடு நின்றிருந்தது. முதலில் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்று மாறிய ஃபைல்களை டிஸ்க் முழுக்கத் தேடினேன். விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-இல் ஒன்று கிடந்தது. மூன்று புரோகிராமிலும் லாக் ஃபைலின் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன், எந்த ஃபோல்டரில் என்று சொல்லும் முழுப் பாதையைக் கொடுக்கவில்லை. கையால் ஓட்டியபோது அதனதன் ஃபோல்டரில் எழுதின. சர்வீஸ்கள் தொடங்கும் இடம் சிஸ்டம்32 என்பதால், சர்வீஸ் ஆனதும் மூன்றும் அதற்குள் போய் ஒரே ஃபைலில் எழுதிக் குழப்பியிருந்தன. எடைமேடைக்கும் ஃபேக்ஸுக்கும் நடுவே அக்கா அடித்த பதினோரு நம்பர்களும் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'பிரிண்டர் கிடைக்கவில்லை' என்ற வரி. சர்வீஸ் ஓடிய அக்கவுண்டுக்கு நெட்வொர்க் பிரிண்டர் தெரியாது. அதுவும் என் கோளாறுதான்.

வெளியே போய், "தப்பு என்னோடது சார். அக்கா எல்லாத்தையும் அடிச்சிருக்காங்க" என்றேன். லோரிக்காரர்கள் முன்னிலையில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார் தேவா. அக்காவிடம், "சரி, போய் வேலையப் பாரு" என்றதோடு சரி.

அக்கவுண்டை மாற்றியதும் பாஸ்கள் வந்தன. பிறகு ஒவ்வொரு சர்வீஸுக்கும் முழுப் பாதையோடு தனி லாக் ஃபைல் வைத்தேன். அதற்குள் அக்கா தேங்காய்ப்பால் சோறான தன் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"உங்க மேலயே பழி போட்டுட்டேனே அக்கா."

"நீயே போய் சொன்னியே, போதும். வேற ஆளா இருந்தா அந்த ஃபைல அழிச்சிட்டுப் போயிருப்பான். சாப்பிடு."

அதன் பிறகு எந்த ஆபீசிலும், எந்த லாக், யார் எழுதியது என்று பார்க்காமல் 'லாக்கில் இல்லை' என்று நான் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. இளையவர்களும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஃபைலை அழித்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. அன்று அதைச் சொல்லாமல் அக்காவின் சோற்றைச் சாப்பிட்டேன். இன்று சொல்கிறேன். நன்றி, அக்கா.