கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள்

முதியோர் இல்லத்தில் அவளைக் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தது சமையற்கார அம்மா. ஆளைப் பார்த்தால் ஒடிசல்தான். ஆனால் கட்டிலில் கிடக்கிறவர் எத்தனை கனமாக இருந்தாலும் அக்குளுக்கடியில் கைகொடுத்து, ஒரே தூக்கில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். மற்றவர்கள் திணறும் இடத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஈரக்கையைத் துவாலையில் துடைத்தபடி வருவாள், தூக்குவாள், ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். பேச்சு அவளுக்கு வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்தத் தூக்கு ஒன்றுதான் அவளுடைய பெருமை.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. இல்லம் நடத்துகிறவர்கள், ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களை முறை வைத்து வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு. அதில் பாதியை அரசாங்கம் திருப்பித் தரும். அனுப்பாதவர்களுக்கு உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள்.

முதலாளி மோசமான மனுஷன் இல்லை. தன் அப்பா அம்மா வாழ்ந்த வீட்டையே இல்லமாக்கியவர். கூரை ஒழுகினால் தானே ஏணி போட்டு ஏறுவார். ஆள் பற்றாக்குறைதான் அவருக்குத் தீராத தலைவலி. “பாதிச் சம்பளம் வந்துரும், சரி. அன்னைக்கு அரசாங்கமா வந்து ஆளத் தூக்கும்?” என்று சமையலறையில் நின்று புலம்பினார்.

யாரை அனுப்புவது என்று யோசித்தார். இல்லத்தில் இருந்த இரண்டு இளம் பெண்களை அனுப்பினால், சான்றிதழ் வாங்கிய கையோடு பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய இல்லத்துக்குப் பறந்துவிடுவார்கள். கிரேன் அக்கா எங்கும் போக மாட்டாள். அவளுக்குப் புதிதாகச் சொல்லித்தரவும் ஒன்றும் இல்லை. போன மாதிரியே திரும்பி வருவாள். இப்படி நினைத்துத்தான் அவளை அனுப்பினார். பாதி சரியாக நினைத்திருந்தார்.

பார்சல் வேன் ஓட்டும் அவள் புருஷன், பேரன் பேத்தி எடுக்கிற வயசில் புத்தகப் பையா என்று கேட்டுச் சிரித்தான். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தாள். சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வா, அது போதும் என்றார்.

அப்படியே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வகுப்பறை நடுவில் ஓர் இரும்புக் கட்டில். சொல்லித்தர வந்தவள் வயதில் சின்னவள்; நோயாளியாகப் படுக்க ஓர் ஆள் கேட்டாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் குனியப் பிந்திவிட்டாள்; போய்ப் படுத்தாள். படுத்திருக்கிறவள் பேச வேண்டியதில்லை என்பதில் இவளுக்கும் ஒரு நிம்மதிதான்.

வேறொரு இல்லத்திலிருந்து வந்த தடித்த ஆள் ஒருவரிடம், நீங்கள் தினமும் தூக்குவது போலவே தூக்குங்கள் என்றாள் டீச்சர். அவர் அக்குளுக்கடியில் கைகொடுத்தார். ஒரே தூக்கு. அச்சு அசல் இவளுடைய தூக்கு.

தோள் இரண்டும் கழன்று வருவது போல இருந்தது. காலுக்கடியில் எதுவும் இல்லை. பிடரியில் அந்நிய மூச்சு. பிடித்துக்கொள்வாரா, போட்டுவிடுவாரா என்று தெரியாத அந்த ஒரு கணத்தில் கத்த வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை.

“வலிச்சுதா அக்கா?” என்றாள் டீச்சர்.

“பயமா இருந்துது” என்றாள். அந்த வகுப்பில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, ஒருவர் குரல் கொடுத்ததும் சேர்ந்தாற்போல் நகர்த்தினார்கள். கட்டிலே நகர்ந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது ரயில்காரரை நினைத்துக்கொண்டாள். ஒரு காலத்தில் சரக்கு ரயில் ஓட்டியவர், இல்லத்திலேயே கனமானவர். இவள் கை அக்குளுக்கடியில் போனதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஒரு பெண்பிள்ளை தூக்குகிறாளே என்ற கூச்சம் போலிருக்கிறது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள். அவரும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வார்? எல்லோரும்தான் இவளை மெச்சிக்கொண்டிருந்தார்களே.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றாள். முதலில் எல்லோரும் வேடிக்கை என்று நினைத்தார்கள். கிரேனுக்கே கிரேன் வேண்டுமாம் என்றாள் சமையற்கார அம்மா. பிறகு குளியல் தாமதமானது; காலைச் சாப்பாடு ஆறிப்போனது. போதாக்குறைக்கு, மற்றப் பெண்களும் துணை கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலை, ரயில்காரரின் கட்டிலருகே துணைக்காகக் காத்து நின்றவளிடம் வந்தார்.

“வேலையக் கத்துக்கிட்டு வரத்தான் சம்பளம் குடுத்து அனுப்புனேன். இருந்த வேலையயும் விட்டுட்டு வந்து நிக்கிற.”

அவள் தன் பக்கத்து விரிப்பைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“தனியாத் தூக்க மாட்டேன்னா, இங்க உனக்கு என்ன வேலைன்னு நீயே சொல்லும்மா.”

சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று தெரிந்தது. புருஷனிடம் என்ன சொல்வது என்றுகூட மனசு ஓடியது. கை மட்டும் அக்குளுக்கடியில் போக மறுத்தது.

“மாட்டேன் சார்” என்றாள். “வலிக்கும். என்னைத் தூக்கினாங்க. தெரியும்.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஏத்தத்துல சரக்கு வண்டிக்கு முன்னால ஒரு எஞ்சின், பின்னால ஒரு எஞ்சின் போடுவோம் தம்பி. நானும் சரக்குதானே. ரெண்டு பேரே இருக்கட்டும். ஒரு ஆள் தூக்கினா ராத்திரி வரைக்கும் தோள் விண்ணுவிண்ணுங்குது.”

அவளால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. அவர் அவளைப் பார்த்து, “நீ பலசாலிதாம்மா, அதுல ஒண்ணும் குறையில்ல” என்றார்.

முதலாளி சிரிக்க வேண்டாம் என்றுதான் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது. வராந்தாவை எட்டிப் பார்த்தார். கூப்பிட யாரும் இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனார். விரிப்பைப் பிடித்ததும் இடுப்பை வளைத்து வெடுக்கென்று இழுக்கப் போனார்.

“முழங்கால மடக்குங்க சார். நான் சொன்னப்புறம்.”

அவள் சொன்னாள். இருவரும் நகர்த்தினார்கள். ரயில்காரர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தேநீர் எங்கே என்று கேட்டார்.

முதலாளி இடுப்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தார். காலைச் சாப்பாட்டை இரண்டு பந்தியாக வைத்தால் சமாளிக்க முடியுமா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். அடுத்த முறைக்கு அந்த இரண்டு இளம் பெண்களையும் அனுப்பத்தான் வேண்டும் என்றும், அவர்கள் போகும் நாளில் தான்தான் இங்கே வந்து நிற்க வேண்டியிருக்கும் என்றும், இது எங்கே போய் முடியுமோ என்றும் முனகினார்.

“அதுங்க பெரிய இல்லத்துக்குப் போயிட்டா சார்?” என்றாள் அவள், தயங்கி.

“போறவ போகட்டும். இருக்கிற வரைக்கும் யாரு தோளையும் கழட்டாம இருந்தாச் சரி.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த கட்டில் யாரு?”

அவள் முன்னால் நடந்தாள்.