நஸ்ரின் படித்த பாதி

ஃபார்மலின் வாடை என்றாலே எனக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்தான் ஞாபகம் வரும்.

அனாட்டமி லேப் முடிந்து தாம்பரத்தில் ஏறினால் துப்பட்டா முழுக்க அந்த நெடி. பக்கத்து சீட் அக்காக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். எனக்கும் நஸ்ரினுக்கும் ஜன்னலோரம் கிடைத்துவிடும்.

பிசியோதெரபி முதல் வருடம். தானியங்கி நரம்பு மண்டலம் மண்டையில் ஏறவே இல்லை. வண்டலூர்க்காரி நஸ்ரின்தான் வழி சொன்னாள்.

"பாதி நீ படி, பாதி நான் படிக்கிறேன். அப்புறம் மாத்திக்கலாம்டி."

முதுகுத்தண்டின் நடுவிலிருந்து கிளம்பி, ஆபத்தில் உடம்பை முடுக்கிவிடும் சிம்பதெடிக் எனக்கு. மூளையின் அடியிலிருந்தும் தண்டின் கடைக்கோடியிலிருந்தும் வந்து, உடம்பை அமைதிப்படுத்தும் பாராசிம்பதெடிக் அவளுக்கு. பெருங்களத்தூர் வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

"கண்மணி விரியும்."

"சுருங்கும்."

"ஹார்ட் வேகமா அடிக்கும்."

"மெதுவா அடிக்கும், போடி."

"வாய் காஞ்சு போகும்."

"எச்சில் ஊறும்... ஐயோ, நோன்பு வெச்சிருக்கேன், அதப் பேசாத!"

மாற்றிக்கொள்வது மட்டும் நடக்கவே இல்லை. அரட்டையில் அப்படியே மறந்துபோனோம்.

வைவாவில் எக்ஸாமினர், "வேகஸ் நரம்பு எங்கெல்லாம் போகுது, சொல்லும்மா" என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது. நான் படித்த பாதி ஜோராக வேலை செய்தது!

"சார்... அது நஸ்ரின் போர்ஷன்."

சிரிக்காதீர்கள். பெயில்!

அவள் பாஸ். அவளிடம் அவள் பாதியையே கேட்டிருக்கிறார்கள், மகராசி. ஆனால் என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

"நீ இல்லாம செகண்ட் இயர்ல நான் யார்கூடடி உக்காருவேன்?"

சப்ளிமெண்டரி பரீட்சை வரைக்கும் வண்டலூரில் இறங்காமல், என்னோடு ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு வரை வந்து வேகஸைச் சொல்லிக்கொடுத்தாள். பாஸானேன். மறுபடி ஒரே பெஞ்ச்...

படிப்பு முடிந்ததும் நஸ்ரின் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். பெருநாளன்று பிரியாணி போட்டோ வரும், நான் ஹார்ட் போடுவேன், அவ்வளவுதான். அம்மா அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊரப்பாக்கத்தில் அதே வீட்டில் நான் மட்டும். ட்ரெயினில் இப்போது எல்லோர் காதிலும் இயர்போன். பாட்டு ஓடாவிட்டாலும் நானும் மாட்டிக்கொள்கிறேன். சில நாள் பேஷண்ட்டுகளைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. ஓட ஒன்றுமில்லை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நிற்கவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்.

"ஹார்ட் நல்லா இருக்கும்மா. மனசு விட்டு யார்கிட்டயாவது பேசுங்க. கூட யார் வந்திருக்காங்க?"

"ஆட்டோ வெளில வெயிட்டிங்ல நிக்குது டாக்டர்" என்றேன்.