பெருவிரலால் தள்ளிவிட்ட முகங்கள்

எனக்கு எழுபத்துநான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நால்வர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும்.

ஒட்டுசுட்டானில் காடு வெட்டி வயலாக்கிய குடும்பம் எங்களுடையது. மலேரியா வந்தபோதும் ஒருமுறை பாம்பு கடித்தபோதும் தவிர, எனக்கென்று ஆசுப்பத்திரி வாசலை மிதித்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதனால் நான் சொல்லச் சொல்ல, என் மூத்த மகள் வசந்தியின் பிள்ளை துளசி எழுதுகிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளுக்குள் உருகுகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்குத்தான் இது.

முதலில் கண்டது நெஞ்சுப் படபடப்பு. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நெஞ்சு அடிக்கும், கை விறைக்கும். சோறு தொண்டையால் இறங்காது. வாய்வு என்று நினைத்து உள்ளிப்பூண்டும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் குடித்தேன். குறையவில்லை. கழுத்து குனிந்தபடியே பிடித்துக்கொண்டது. சட்டை தோளால் வழுகும் அளவுக்கு மெலிந்தேன்.

என்னிடமிருந்த போன் பிரான்சில் இருக்கும் மகன் அனுப்பியது. பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கலாம் என்றுதான் அனுப்பினான். தேர், திருவிழா, சமையல் என்று வீடியோ பார்க்கத் துளசி பழக்கிவிட்டாள். எழுத்து வாசிக்கத் தேவையில்லை. பெருவிரலால் மேலே தள்ளினால் அடுத்தது வரும்.

என் கடைக்குட்டி சுதனைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைசிச் சண்டை முடிகிற நேரம் சனத்தோடு சனமாக நாங்கள் வெளியே வந்தோம். ஓரிடத்தில் ஆமிக்காரர் இளம் பெடியன்களைப் பிரித்து வேறு வரிசையில் விட்டார்கள். சுதன் அந்த வரிசைக்குப் போனான். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தான். அதன்பின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்போது அவனுக்குப் பதினெட்டு. நான் போய்க் கேட்காத இடமில்லை, நேர்த்தி வைக்காத கோயிலில்லை.

எங்கேயோ ஒரு தாய், தொலைந்த மகனை வீடியோ ஒன்றில் கண்டுபிடித்தாளாம் என்று சந்தையில் ஒருத்தி சொன்னாள். அந்தத் தாய் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாகிவிடுமோ என்று பயம்.

அன்றிலிருந்து நான் தேரைப் பார்க்கவில்லை, தேர் இழுக்கும் சனத்தைப் பார்த்தேன். கூட்டங்களைப் பார்க்கப் பார்க்கப் போனும் கூட்டங்களையே கொண்டுவந்தது. லண்டன் கோயில், கனடாக் கலியாணம், மலேசியக் காவடி. எந்த அரசாங்கக் கந்தோரும் செய்யாததை இது செய்கிறது, என்னோடு சேர்ந்து தேடுகிறது என்று நம்பினேன். கண்ணை எடுக்காமல் பார்க்கவைக்கத்தான் அது அப்படிச் செய்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

வயலுக்குப் போவது நின்றது. கலியாணவீட்டுக்குப் போனாலும் கதையில் மனம் நிற்காது. நான் இங்கே இருக்கிற நேரம் அவன் அங்கே போனில் வந்து போய்விடுவானோ என்று பதறும். போனில் டேற்றா முடிந்தால் சின்னப்பிள்ளைபோல் அழுதேன். வசந்திக்குக் கோபம் வந்துவிட்டது.

“அரிசி முடிஞ்சா நாளைக்கு வாங்குவம் எண்டுறியள். டேற்றா முடிஞ்சா மட்டும் செத்தவீடு கொண்டாடுறியள், அம்மா.”

நான் எதைத் தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒருநாள் நான் போனோடு இருக்க, அடுப்பில் சோறு கருகி வீடெல்லாம் புகை. அன்றைக்குத்தான் வசந்தி என்னை ஆட்டோவில் ஏற்றினாள். ஆசுப்பத்திரியில் ஈ.சீ.ஜீ. (நெஞ்சில் வயர் ஒட்டி, இருதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எடுப்பது) பார்த்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். இருதயத்தில் பிழையில்லை என்று மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அதன் வாசல் வாங்கில் (பெஞ்சில்) காத்திருந்தபோது எனக்கு மானம் போனது. தெரிந்தவர்கள் கண்டுவிடக் கூடாது என்று சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

உள்ளே ஓர் இளம் பெண் டொக்டர். கதிரையில் உட்காரும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன், “எனக்கு விசரில்லை, பிள்ளை.”

“விசரெண்டு ஆரம்மா சொன்னது? முதல்ல இருங்கோ.”

என் வருத்தத்துக்கு, இந்த நோய்க்கு, மனச்சோர்வு (மனம் நெடுநாள் களைத்து, உடம்பையும் சேர்த்துக் கீழே இழுப்பது) என்று பெயர் சொன்னார். கூடவே பதகளிப்பும் (ஆபத்து இல்லாதபோதும் நெஞ்சு பதறுவது) இருக்கிறதாம். போன் கதையை வசந்தி சொல்ல, அதில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. சொன்னேன். பக்கத்தில் நின்ற வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

குளிசை (மாத்திரை) எழுதித் தந்தார். போனைப் பறிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் மட்டும் பாருங்கள் என்றார்.

“அந்த அரை மணித்தியாலத்துக்கு வெளியால அவன் வந்தால் என்ன செய்யிறது?”

டொக்டர் பேனையை மூடி வைத்தார். ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்துக்கொண்டது.

குளிசையும் போட்டேன், களவாகப் போனும் பார்த்தேன். ஒரு பின்னேரம், ஏதோ வெளிநாட்டுக் கோயிலின் தேர்வடத்தில் அவனைக் கண்டேன். அதே நெற்றி. அதே சுருள்மயிர். வெறும் மேலோடு, கழுத்தை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு வடம் பிடிக்கிறான். வசந்தியின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவளும் கனநேரம் பார்த்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திக்கொண்டாள்.

“அம்மா, இந்தப் பெடியனுக்கு ஒரு பதினெட்டு இருக்கும்.”

“ஓம். சுதன்தானே.”

“தம்பிக்கு இப்ப முப்பத்தைஞ்சு, அம்மா.”

கணக்குத் தெரியாதவள் அல்ல நான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பொங்கிப் படைத்து, இத்தனை வயது ஆகிறது என்று சொல்லி வந்தவள். வயதைக் கூட்டினேன், முகத்தைக் கூட்டவில்லை. தலைமயிர் உதிர்ந்தவர்கள், தாடி வைத்தவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்கள், எல்லோரையும் இவன் இல்லை, இவன் இல்லை என்று பெருவிரலால் தள்ளிவிட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவன் அவனாக இருந்திருந்தால்?

என்னைப் பார்க்கத் துளசிக்குப் பொறுக்கவில்லை. படத்தில் வயதைக் கூட்டிக் காட்டும் வித்தை போனில் இருக்கிறது என்றாள். சுதனின் அடையாள அட்டைப் படத்தை அதற்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்தான். கன்னம் தடித்து, கண்ணோரம் கோடு விழுந்து, மெல்லிய தாடியோடு. நல்ல மனிதனாகத்தான் தெரிந்தான்.

“ஆரடி இது?”

“மாமா, அம்மம்மா.”

உற்றுப் பார்த்தேன். அந்த முகம் வீதியில் எதிரே வந்தால், “தம்பி, கொஞ்சம் விலகுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். பெற்ற எனக்கு அவனைத் தெரியவில்லை. இனி எந்த முகத்தைத் தேடுவது? போனைத் துளசியிடமே கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு வருத்தம் குறைகிறது என்று டொக்டர் சொல்கிறார். நித்திரை வருகிறது. சோறு இறங்குகிறது. சட்டை மறுபடி இறுக்கம். பிரான்சிலிருந்து மகன் எடுத்தால் துளசி போனைப் பிடிப்பாள், கதைத்துவிட்டு எழும்பிவிடுவேன். நன்றாகத் தேறிவிட்டீர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். ஓம், உடம்பு தேறிவிட்டது. கிளினிக்குக்குப் போகக் கூச்சப்படாதீர்கள், குளிசையை இடையில் நிறுத்தாதீர்கள் என்று உங்களுக்கு என்னால் சொல்ல முடியும். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தேறிய இந்த உடம்பு எனக்கு வேறு யாருடையதோபோல் இருக்கிறது. சும்மா இருக்கும்போது பெருவிரல் சேலைத் தலைப்பின்மேல் தானாக மேலே மேலே தள்ளுகிறது. பார்த்துக்கொண்டிருப்பேன், நிறுத்தமாட்டேன். முன்பு ஒவ்வொரு நிமிடமும் அவன் வரக்கூடிய நிமிடம். இப்போது காலை வருகிறது, பின்னேரம் வருகிறது, பொழுது படுகிறது. அவ்வளவுதான். நெஞ்சு அடித்த நாள்களில் நான் வருத்தக்காரி, ஆனால் அவன் வரவிருந்தான். அந்த வருத்தத்தைத் திருப்பித் தந்தால் வாங்குவீர்களா என்று டொக்டர் கேட்கவில்லை. கேட்டால் நானும் பொய் சொல்லமாட்டேன்.

எழுதி முடிச்சிட்டியோ, துளசி? முதல்லயிருந்து ஒருக்கா வாசி. உன்ர அம்மா வாசிச்சால் மாமான்ர பேர் வாற இடத்தில குரல் உடைஞ்சுபோகும். நீ அவனைக் காணாதவள். நீ வாசி, பிள்ளை.