பை மாற்றத் தெரிந்தவள்

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் காலை ஆறரைக்கு நானும் என் வீட்டுக்காரரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய், அவரை நாலு மணி நேரம் மெஷினில் போட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்து, வீடு திரும்பும்போது மூன்று மணி ஆகிவிடும். வந்ததும் அவர் படுத்துவிடுவார். நானும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். நடுவில் ஒரு நாள் ஓய்வு, அதுவும் துணி துவைப்பதிலும் மருந்துக் கடையிலும் போய்விடும். எனக்கு அறுபத்தொன்று, அவருக்கு அறுபத்தாறு. இந்த அலைச்சல் அவர் உயிர் உள்ளவரைக்கும் உண்டு.

இப்படி அலைந்துதான் ஆகவேண்டும் என்று எங்கள் தலையில் எழுதியிருக்கவில்லை. அதற்கு முன் எட்டு மாதம் எல்லாம் வீட்டிலேயே நடந்தது. வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். ஒரு பை நிறைய மருந்து நீரை அதன் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும், சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்துவிட்டு, அடுத்த பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. மெஷின் கிடையாது, ஊசி கிடையாது, பஸ் கிடையாது. அவர் பாட்டுக்குப் பேப்பர் படிப்பார், கடைத்தெருவுக்குப் போய் வருவார். ஒரே ஒரு நிபந்தனை, கிருமி உள்ளே போகக் கூடாது. அது மாட்டுகிறவர் கையில் இருக்கிறது. மாட்டியது நான்.

நான் விலங்கியல் டீச்சர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் சிறுநீரகம் நடத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் நெஃப்ரான் வரைவேன். ஆகவே அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது, அழுகைக்கு நடுவிலும் எனக்குள் ஒரு குரல், இது நம் பாடம்தானே என்றது. அந்தக் குரலை இப்போது நினைத்தால் அறையலாம் போல இருக்கிறது.

பை மாற்றுவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் நாள் அவருக்கு வேலை நெருக்கடி. மாதாந்தரப் பரிசோதனைக்குப் புருஷனோடு வந்திருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, டீச்சருக்கு ஒரு தபா பண்ணிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா முகையூர் பக்கம். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் களை எடுக்கிற கூலி வேலை, படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருக்கலாம். நாலு வருஷமாகப் புருஷனுக்குப் பை மாற்றுகிறாராம், ஒரு தடவைகூடக் கிருமி வந்ததில்லையாம். நர்ஸ் இதை என்னிடம் சொன்ன விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த அம்மா கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவினார், கழுவினார், முடியவே இல்லை. உதடு வேறு அசைந்துகொண்டிருந்தது.

"என்னம்மா முணுமுணுக்கிறே?" என்றேன்.

"அருள் நிறைந்த மரியே மூணு தபா சொல்வேன் டீச்சர். எனக்கு வாட்ச்சு பாத்து நிமிசம் கணக்கு வெக்கத் தெரியாது. அந்த செபம் முடியறதுக்குள்ள கைய எடுக்கறதில்ல."

நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை, ஸ்டாஃப் ரூமில் மக்குப் பையன்களின் விடைத்தாளைப் பார்த்துச் சிரிப்போமே, அது. பிறகு சும்மா இருக்காமல், வயிற்றுச் சவ்வு எப்படிக் கழிவை வடிகட்டுகிறது, சவ்வூடு பரவல் என்றால் என்ன என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அவர் ஈரக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பிடிங்களா டீச்சர், அப்பிடிங்களா" என்று முழுவதும் கேட்டார். நான் முடித்ததும் மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், அந்த முந்தானைய இழுத்து சொருவிக்குங்க. பை மேல படுது பாருங்க."

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முந்தானையைச் சொருகினேன். அதற்குப் பிறகு அவர் காட்டிய எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பார்ப்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நர்ஸிடம், "எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா, இது எங்க சப்ஜெக்ட்தான்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் வாங்கிவிட்டேன். அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து, "எதனா டவுட்டுன்னா போன் பண்ணுங்க டீச்சர், கூச்சப்படாதீங்க" என்று நம்பரைச் சொன்னார். செல்போனில் அழுத்துவதுபோல் பாவனை செய்தேன்.

வீட்டில் நான்தான் ராணி. படுக்கையறைச் சுவரில் மூன்று வண்ணத்தில் படம் வரைந்து ஒட்டினேன். பார்க்க வந்த உறவுக்காரர்களுக்கு அதைக் காட்டி விளக்கம் சொன்னேன். "டாக்டரம்மா மாதிரி பண்றீங்களே" என்று கிளியனூரிலிருந்து வந்த என் நாத்தனார் சொன்னபோது, இல்லை என்று மறுக்கக்கூட இல்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு எட்டு மாதம் ஒரு குறையும் வரவில்லை. வராததே வினையாகிவிட்டது.

அன்றைக்குக் காலை எட்டு மணிப் பை. குழாயின் மூடியைக் கழற்றிவிட்டேன். பையின் குழாயை எடுத்து இணைக்கப் போகும்போது, அவர் வயிற்றுக் குழாயின் முனை என் சுண்டுவிரலில் பட்டுவிட்டது. பட்டது நன்றாகவே தெரிந்தது. பட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். கிளிப்பை மூடிவிட்டு, ஒன்றும் உள்ளே விடாமல், ஆஸ்பத்திரிக்குப் போய் வெளிக்குழாயை மாற்றிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான், அரை நாள் வேலை. ஆனால் போனால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். நர்ஸ் என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அந்த அக்காகிட்ட இன்னொரு தபா கத்துக்குங்க டீச்சர்."

ஆய்வகத்தில் முப்பது வருஷம் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தவள் நான். கத்தி, கத்தரிக்கோல், தவளை அறுத்த தட்டு, எல்லாம். அதே கை அன்றைக்கும் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தது. முனையைத் துடைத்தேன், மாட்டினேன், திறந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கட்டிலில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் வெளியே வந்த நீர் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது. அவருக்குக் காய்ச்சல், வயிற்று வலி. வலிக்கிறது என்று சொல்லமாட்டார், காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுப்பார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "எங்கனா கை பட்டுச்சா டீச்சர்? பட்டிருந்தா சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

"இல்லம்மா. இந்தத் தடவை வந்த பையே சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்றேன். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர் என் முன்னால் நின்று இப்படிப் பேசியிருக்கிறார்கள்.

ஏழு நாள் மருந்து ஏற்றியும் கலங்கல் தெளியவில்லை. குழாயை எடுத்துவிட்டார்கள். வயிற்றுச் சவ்வு கெட்டுப்போய்விட்டது, இனி மெஷின்தான் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் "சரிங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம்தான் முகையூர் அம்மா பரிசோதனைக்கு வந்திருந்தார். கேள்விப்பட்டு வார்டுக்கு வந்தார். தூக்குச்சட்டியில் அவித்த மல்லாட்டை. "சாருக்குக் குடுத்துடாதீங்க, அவருக்கு இது ஆவாது. உங்களுக்குத்தான். ஒண்ணும் துன்னாம கெடப்பீங்கன்னு எடுத்தாந்தேன்" என்றார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"எனக்கும் மொத வருசம் ஒரு தபா கை பட்டுடுச்சு டீச்சர். கிளிப்ப மூடிக்கினு அப்பிடியே பஸ்ஸு ஏறி வந்துட்டோம். நர்ஸம்மா எல்லாரு எதிர்லயும் திட்டுச்சு. ரொம்ப பேஜாராப் போச்சு. அப்பறம் என்ன, திட்டினதோட போச்சு."

நான் மல்லாட்டையை உரித்துக்கொண்டே இருந்தேன். பை சரியில்லாததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். இந்த அம்மா ஆறுதல் சொல்லவில்லை. தான் சறுக்கியதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்போதாவது உண்மை என் வாயிலிருந்து வந்திருக்கலாம், வரவில்லை. அவர் புருஷன் இன்றைக்கும் வீட்டில்தான் பை மாற்றிக்கொள்கிறார், மாடு மேய்க்கப் போகிறாராம்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் மெஷினில் இருந்தார், மூன்றாவது மணி. கையில் இரண்டு ஊசி. ரத்த அழுத்தம் இறங்கிப்போய் முகம் வெளுத்திருந்தது. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துச் சொன்னதில்லை. பொய்யைத் தூக்கிக்கொண்டு வாரம் மூன்று தடவை பஸ் ஏற உடம்பில் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

"ஏங்க, அன்னைக்கு அந்தக் குழாய் முனை என் விரல்ல பட்டுச்சுங்க. ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சிட்டு மாட்டிட்டேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றார். "பாத்துக்கினுதான் இருந்தேன்."

என் கை அவர் காலிலேயே நின்றுவிட்டது. "பாத்தீங்களா? அப்ப ஏன் சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். வேணாம்னு விட்டுட்டேன்."

"உயிர் போற விஷயமாச்சேங்க அது."

மெஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"முப்பத்தாறு வருஷமாச்சு. உனக்கு நான் என்னத்த சொல்லிக் குடுத்திருக்கேன்? சொன்னா நீ எங்க கேட்டிருக்கே? சொல்லாம இருந்தே பழகிடுச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பதுபோல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அதில்தான் எனக்குப் பழக்கம்.

நாலு மணி நேரம் முடிந்தது. ஊசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு நர்ஸ் போனார். நான் அழுத்திப் பிடித்தேன். சரியாகத்தான் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு அவரைக் கேட்டேன், "சரியாப் பிடிச்சிருக்கேனா, சொல்லுங்க."

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

பஞ்சின் ஓரத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.